புதினா மட்டும் மொட்டை

அப்பா,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுப்பாமல் போகிறேன்.

சமையலறைச் சன்னல் தொட்டியில் கொத்தமல்லி தளதளவென்று நிற்கும்போது புதினா மட்டும் ஏன் மொட்டையாகவே இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். மண்ணை மாற்றினேன், தொட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தேன். நீங்களும் பக்கத்தில் நின்று, "வெயில் பத்தலம்மா" என்று தலையாட்டினீர்கள். இன்று தண்ணீர் ஊற்றினால் சிகரெட் துண்டு மிதந்து வருகிறது!

ஊதித் தள்ளிவிட்டு, வாடை தெரியாமலிருக்க என் புதினாவையே பறித்து மென்றிருக்கிறீர்கள். மாரடைப்பு வந்து பிழைத்த மனுஷன் செய்கிற வேலையா இது? ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே தொடவே மாட்டேன்" என்று சொன்னது யார், பக்கத்து வீட்டுக்காரரா?

சாயங்காலம் நான் வந்ததும் வாயை ஊதிக் காட்ட வேண்டும். பல் தேய்த்தேனா என்று சின்ன வயதில் என்னை ஊதச் சொல்வீர்களே, அதே மாதிரி.

கொத்தமல்லியில் கை வைத்தால் தெரியும் சேதி.

மாத்திரை பிரிட்ஜ் மேல் இருக்கிறது. மறக்காமல் போடுங்கள். சாயங்காலம் சண்டை போட எனக்கு ஆள் வேண்டும்.