நாய்த்தட்டின் கடைசிப் பாட்டு

அஜக்ஸ்
08.09.2025

அன்புள்ள றெஜினா,

நான் நலம். உம்முடைய முழங்கால் நோவு எப்படி என்று மகளிடம் கேட்டேன். "அம்மாவையே கேளுங்கோ" என்றாள். விவாகரத்துக்குப் பிறகும் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசினால் நமக்குள் சண்டை வருகிறது. அதனால்தான் கடிதம்.

என் நூல் சென்னையில் அச்சாகப் போகிறது. எல்லாம் அந்த அமெரிக்க ராக் ஆல்பத்தைப் பற்றியதுதான். பெற்றோல் நிலையத்தின் முன் மஞ்சள் நாய் படுத்திருக்கும் அட்டை. நாய்த்தட்டு என்று சொல்வோமே, அதுதான். 1975இல் வந்தது. ஐம்பது வருடமாகியும் அதன் மவுசு ஏன் குறையவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

ஒக்டோபர் 19, ஸ்காபரோவில் வெளியீடு. பிரிந்தபோது இசைத்தட்டு உம்மோடு போய்விட்டது. மேடையில் தூக்கிக் காட்ட அது வேண்டும். கொண்டுவந்து, நீரும் ஒரு சிறப்புப் பிரதி பெற்றுக்கொள்ளும். அச்சுக்குப் போகும் பிரதியை இணைத்துள்ளேன். ஏழாம் அத்தியாயம்தான் அதன் உயிர்.

இப்படிக்கு,
கிளிபோட்


மோர்னிங்சைட்
17.09.2025

கிளிபோட்டுக்கு,

"இஞ்சாருங்கோ" என்று எழுதிப் பழகிய கை. பெயரை எழுதக் கொஞ்சம் கூசுகிறது.

முழங்கால் அப்படியேதான். ஒரே இருப்பில் எல்லாவற்றையும் வாசித்தேன். கிட்டார் தொடங்கும்போது, பூட்டிக்கிடந்த வீட்டில் யாரோ யன்னலைத் திறந்தது போலிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 1991இல் நான் உங்களுக்கு எழுதிய வரி. போகட்டும்.

பதினோராம் பக்கம்தான் போகட்டும் என்று விட முடியாதது. "கொழும்பு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு நண்பர் அனுப்பிய ஒலிநாடா" என்று இருக்கிறது.

யார் அந்த நண்பர்? போத்தல் தொழிற்சாலையில் என்னோடு வேலைசெய்த வெள்ளைக்காரி வீடு மாறும்போது தந்த தட்டு அது. ஒரு சனிக்கிழமை முழுவதும் நிலத்தில் குந்தியிருந்து, ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒவ்வொரு பாட்டாகப் பதிந்தேன். நாடாப் பெட்டியின் உள்ளட்டையில் பாட்டுகளின் பெயர்கள் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. உங்களைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்தவளும் நான்தான்.

ஒரே ஒரு வரி போதும். "பதிந்து அனுப்பியவர், அப்போது என் மனைவியாக இருந்த றெஜினா." வேறொன்றும் கேட்கவில்லை.

றெஜினா


அஜக்ஸ்
24.09.2025

அன்புள்ள றெஜினா,

அச்சு இன்னும் தொடங்கவில்லை, மாற்றலாம்தான். ஆனால் வேண்டாம். முன்னுரை எழுதியது சுபாங்கி. இந்த வீட்டில் இப்போது அவதான் என் மனைவி. பழைய கதையைக் கிளறி, பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

அதோடு, கோபிக்க வேண்டாம், பதிவது என்ன பெரிய காரியமா? பொத்தானை அமத்தினால் அது தன்பாட்டில் பதியும். என் நூல் கலைஞனைப் பற்றியது.

ஏழாம் அத்தியாயத்தைப் பற்றி நீர் ஒரு சொல்லும் எழுதவில்லையே? முப்பத்திநான்கு வருடமாக அந்த ஒலிநாடாவில் மட்டுமே இதைக் கேட்கிறேன். கைத்தொலைபேசியில் கேட்பவனை நான் ரசிகனாகவே மதிப்பதில்லை. அந்த விரதம் தந்த அத்தியாயம் அது.

கிளிபோட்


மோர்னிங்சைட்
01.10.2025

கிளிபோட்டுக்கு,

ஏழாம் அத்தியாயத்தை மறுபடியும் வாசித்தேன். ஆரவாரமெல்லாம் அடங்கியபின் அந்த மெல்லிய ஆற்றுப் பாட்டைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தவன் மேதை என்று இருபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மிக நன்று. ஒரு எழுத்தையும் மாற்றவேண்டாம். மேடையில் அதையே வாசியுங்கள்.

தட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன். முன்வரிசையில் இருப்பேன்.

றெஜினா


அஜக்ஸ்
21.10.2025

றெஜினா,

அன்புள்ள என்று எழுத மனம் வரவில்லை.

நான் கண்கலங்கி வாசித்து முடித்து, நாய்த்தட்டைத் தூக்கிக் காட்டி, பார்க்கட்டும் என்று முன்வரிசையில் இருந்த யோசப் அங்கிளிடம் கொடுத்தேன். மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தை வாசித்தார். "தம்பி, உதிலை ஆத்துப் பாட்டு ரெண்டாவதெல்லோ கிடக்குது? கடைசியிலை வேறை ஒண்டு போட்டிருக்கு" என்றார். யாரோ கைத்தொலைபேசியில் அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டார்கள். ஒன்பது நிமிடம் வெறும் மேளம். ஆல்பத்தின் முடிவில் மௌனம், மௌனம் என்று நான் அப்போதுதான் வாசித்து முடித்திருந்தேன். மண்டபமே சிரித்தது. சுபாங்கி எழுந்து வெளியே போய்விட்டா. நீர் மட்டும் சிரிக்காமல், சிறப்புப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தீர்.

வரிசையை மாற்றிப் பதிந்தது நீர். உம்முடைய உள்ளட்டையை நம்பி, தட்டின் பின்பக்கத்தை நான் ஒருநாளும் வாசித்ததில்லை. செப்டம்பரிலேயே உமக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நேற்று முதல்தடவையாக, கைத்தொலைபேசியில்தான், அட்டையில் உள்ள வரிசைப்படி கேட்டேன். நல்ல ஆல்பம்தான். ஆனால் என்னை இவ்வளவு காலம் பிடித்து வைத்திருந்தது அது இல்லை. உம்முடைய வரிசைதான். அதைச் சொல்லாமல் இரண்டாம் பதிப்புப் போட முடியாது. அந்தப் பாட்டை ஏன் கடைசியில் வைத்தீர்? காரணத்தை எழுதி அனுப்பும். அடிக்குறிப்பில் உம்முடைய பெயரைப் போடுகிறேன்.

கிளிபோட்


மோர்னிங்சைட்
02.11.2025

கிளிபோட்டுக்கு,

பொய் சொல்ல மாட்டேன். யோசப் அங்கிள் வாசித்தபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து சிரிசிரியென்று சிரித்தேன். நீங்கள் என்னை மேதை என்று சொன்னது அன்றைக்குத்தான், அதுவும் ஒலிவாங்கியில். அதைத் தடுக்க எனக்கு என்ன பைத்தியமா?

செப்டம்பரில் நான் கேட்டது ஒரு வரி. அதைத் தந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். இப்போது அடிக்குறிப்பாம். வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் நீங்கள் எழுதியது போல அமெரிக்காவும் இல்லை, போரும் இல்லை. இருபத்திநான்கு வயதுப் பெட்டை ஒருத்தி, லொட்ஜில் தனியே கிடக்கும் ஒருவர் நாடா முடிந்தபின் என்ன செய்வார் என்று யோசித்து வைத்தது. மிச்சத்தை மகளிடம் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கிவிட்டேன்.

உங்களுக்கு இன்னும் தெரியவேண்டுமென்றால் பதினோராம் பக்கத்தைப் பாருங்கள். ஒரு நண்பர் அனுப்பினார் என்று இருக்கிறது.

அவரைக் கேளுங்கள்.

றெஜினா