லோடு படுக்க ஒரு மெத்தை

2025 ஜூலை 6, ஞாயிறு

இன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான் வள்ளித்தாய், மகன் பாலகுரு, மருமகள் வேல்விழி, பேத்தி ரோஷினி, மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ஐஸ்வர்யா, கூப்பிடாமலே வந்து நின்ற எதிர்வீட்டு சொர்ணலட்சுமி. நடுவில் எங்கள் நாய் லோடு. எழுந்திருக்க முடியாமல் கிடந்தான்.

பதினோரு வயது. சிவகாசி அச்சாபீசுக்குப் பேப்பர் ஏற்றி வந்த லாரியில், பண்டலுக்கு இடையில் குட்டியாகச் சுருண்டு கிடந்தவன். இறக்கப் போன பாலகுரு சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். லோடோடு வந்ததால் லோடு.

காலையில் முன்னங்காலை ஊன்றினான். பின்பக்கம் வரவில்லை. மறுபடி ஊன்றினான். சிமெண்டுத் தரையில் நகம் வழுக்குகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் வெட்கம் உண்டு.

டாக்டரம்மா இடுப்பை அமுக்கிப் பார்த்தார். "மூட்டு ரொம்பத் தேஞ்சிருக்கு. பழைய அடி எதுவும் உண்டா பாட்டி?"

உண்டு. 2018 மே 20. ரோஷினி சடங்கு. மொட்டைமாடியில் பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். தூங்கிக்கொண்டிருந்த நாயின் காலடியில், விளையாட்டுக்கு, சரவெடியைக் கொளுத்திப் போட்டான் என் கூடப்பிறந்த தம்பி. லோடு அங்கிருந்து தெருவில் குதித்தான். ஊரே வெடி செய்கிற ஊர் எங்கள் எம். புதுப்பட்டி. வெடியோடு விளையாடக் கூடாது என்று பால் குடிக்கிற பிள்ளைக்குக் கூடத் தெரியும். தம்பியின் பெயரை அன்றிலிருந்து இந்த நோட்டில் எழுதுவதில்லை.

மாத்திரை, அரைவயிற்றுச் சோறு, கெட்டியான மெத்தை. தரையில் படுக்கவே கூடாது. "ஒரு மாசம் பாப்போம்" என்றார் டாக்டரம்மா. எந்திரிக்கலைன்னா? பாலகுருதான் கேட்டான். அவர் பையை மூடினார்.

"வதைக்காம ஊசி போட்டுரலாம்மா" என்றான் என் மகன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் பின்னால் போய் நின்று அழுதான். நான் பார்த்தேன்.

சொர்ணலட்சுமி, "மனுசருக்கே பாய் இல்ல, நாய்க்கு மெத்தையாம்" என்றாள். 1996-ல் என் இட்லிக் கொப்பரையை இரவல் வாங்கி ஓட்டையோடு திருப்பித் தந்தவள்.

ஜூலை 7, திங்கள்

என் இலவம்பஞ்சு மெத்தையை மடித்துப் போட்டேன். நடுவில் குழியாகிவிட்டது. குழிக்குள் கிடந்து நீச்சல் அடிக்கிறான். ரோஷினி சொல்கிறாள், "மெத்துன்னு இருந்தாப் போதும்னு நெனைக்காதீக அப்பத்தா. அமுங்குச்சுன்னா அவனுக்கு ஊன்றதுக்குப் பிடிமானம் ஏது?" அறிவொளி வகுப்பில் நாலு எழுத்துப் படித்த எனக்குக் காலேஜ் படிக்கிறவள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மெத்தையில் மூத்திரமும் போய்விட்டான். போகட்டும்.

ஜூலை 9, புதன்

ரோஷினி போனில் நாய் மெத்தையாகக் காட்டினாள். மூட்டு வலிக்கென்றே இருக்கிறதாம். போனுக்குள் கையை விட்டு அமுக்கிப் பார்க்க முடியுமா? வேண்டாம் என்றேன்.

ஜூலை 10, வியாழன்

வேல்விழி பட்டாசுக் கம்பெனி விட்டு வந்தாள். லோடு தலையைக்கூடத் தூக்கவில்லை. அவள் குளித்துவிட்டு வந்த பிறகுதான் வால் ஆடியது. எப்போதும் இப்படித்தான். நான் எப்படி வந்தாலும் ஆட்டுவான். யாரை எங்கே வைக்க வேண்டும் என்று நாய்க்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. 2004-ல் கல்யாணம் ஆன மூன்றாம் நாள் நான் வைத்த குழம்பில் தண்ணீர் ஊற்றியவள் அவள்.

ஜூலை 13, ஞாயிறு

சிவகாசி மெத்தைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ராஜபாண்டியன்.

"யாருக்குத்தா? பேத்திக்கா?"

"நாய்க்கு."

சிரிப்பார் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. "எத்தன கிலோ?" என்றார். இருபத்தாறு. "ஒவ்வொண்ணுலயும் முட்டியப் போட்டு அழுத்திப் பாருங்க. தரை தட்டுப்படக் கூடாது. எடுத்ததும் பழையபடி எந்திரிச்சு வரணும்."

ஐந்து மெத்தையில் மண்டி போட்டேன். என் முட்டியும் தேய்ந்ததுதான். அது எதைப் பொறுத்துக்கொள்கிறதோ அதை அவன் இடுப்பும் பொறுத்துக்கொள்ளும். கடைசியில் பிடித்தது, துண்டு ஃபோமை ஒட்டி இறுக்கிய கெட்டிப் பலகை நாலு விரல்கடை கனம், அதற்கு மேல் மெத்தென்று இரண்டு விரல்கடை. அளவு தெரிய, லோடு காலை நீட்டித் தூங்கும்போது சாக்கு நூலால் மூக்கிலிருந்து பின்பக்கம் வரை அளந்து, ஒரு சாண் கூட்டி முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதன்படி வெட்டிக் கொடுத்தார்.

கடையில் இருந்த உறை ரெக்ஸின். வழுக்கும். நானே தைத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

உறை தைத்தேன். வேல்விழியின் பழைய கம்பெனிச் சேலை இரண்டு. வெடிமருந்துக் கட்டடத்துக்குள் நைலான் உடுத்த விடமாட்டார்கள், உரசினால் பொறி பறக்கும். அதனால் எங்கள் வீட்டில் பருத்திச் சேலைக்குக் குறைவில்லை. மூன்று தண்ணீரில் அலசி, இரட்டைத் தையல் போட்டேன்.

நானும் ரோஷினியும் தூக்கிப் படுக்க வைத்தோம். மோந்தான். உடம்பு முழுக்க நடுங்கியது. முன்னங்காலால் இழுத்து இழுத்துச் சிமெண்டுத் தரைக்கே போய்விட்டான்.

மூன்று தடவை வைத்தோம். மூன்று தடவையும்.

ஜூலை 17, வியாழன்

ஏலே, ஒனக்கு என்னலே கொற? எம்புட்டுத் தூரம் போயி, மண்டி போட்டு மண்டி போட்டுப் பாத்து வாங்கியாந்தேன் — அங்கன போயி தரையிலதான் கெடப்பேங்கியே! செத்துப் போகணும்னே முடிவு பண்ணிட்டியா?

கத்திவிட்டேன். காதை மடக்கிக்கொண்டு என் பாதத்தை நக்கினான். பாலகுரு, "விடும்மா" என்கிறான். எதை விட? இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

கடைக்குப் போய் ராஜபாண்டியனைக் கிழித்துவிட்டு வந்தேன். ஏமாற்றுக்காரன் என்றேன். அந்த மனிதர் முடிகிறவரை கேட்டுவிட்டு, "ஃபோம்ல குத்தம் இல்லத்தா. உறைய உருவிட்டு ஒரு தடவ படுக்க விட்டுப் பாத்தீகளா?" என்றார். டீ வேறு வாங்கிக் கொடுத்தார். குடிக்கவில்லை.

ஜூலை 19, சனி

உருவிவிட்டு வைத்தேன். மோந்தான். ஒரு பெருமூச்சு விட்டான். தாடையை வைத்தான், அப்புறம் முழு உடம்பையும் வைத்தான். மத்தியானம் முழுக்க அசையாமல் தூங்கினான்.

சாயங்காலம் வேல்விழி வந்தாள். வாசலிலேயே லோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் கையில் உருவிய உறை இருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வருஷம் தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசுக் கம்பெனியிலும் இருந்த மூக்கு இது. கந்தகத்தை வாசனை என்று எடுத்துக்கொள்வதே இல்லை.

"ஏன்டி, இவன் திரும்புறது ஒன்னையப் பாத்து இல்லையா?"

"என்னையப் பாத்து எதுக்குத் திரும்புதான்? மருந்து வாசம் அத்தை. அந்தச் சரவெடிக்குப் பெறகுதான் இப்பிடி. அதான் குளிக்காம நான் அவன் பக்கத்துல போறதில்ல. சேலைய மூணு தண்ணி அலசுனீக, போயிருக்கும்னு நெனச்சேன்."

ஏழு வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சந்தோசமா இருந்தீக. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

வேல்விழி குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்து, அவள் அம்மா கொடுத்த சுங்குடிச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். கம்பெனிக்கு ஒரு நாளும் உடுத்தாதது. "இதுல மருந்து படல, தைங்க" என்றாள். கத்தரிக்கோல் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவளே வெட்டினாள்.

2004 குழம்புக் கணக்கை இன்றோடு தள்ளிவிட்டேன். உப்பும் கொஞ்சம் கூடத்தான் போட்டிருந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

சுங்குடி மெத்தையில் படுக்கிறான். உறைக்குள் ஒரு பிளாஸ்டிக் தாள், ஈரம் இறங்காமல். மெத்தையிலிருந்து வாசல் வரை சாக்கு விரித்திருக்கிறோம், கால் வழுக்காமல். வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்து பாலகுரு தூக்கிப் பிடித்தால் பத்து எட்டு வைக்கிறான். துண்டை விட்டால் உட்கார்ந்துவிடுகிறான்.

ஆகஸ்ட் 2, சனி

ராஜபாண்டியனுக்கு அதிரசம் கொடுத்துவிட்டு வந்தேன். மன்னிப்பு என்றெல்லாம் சொல்லவில்லை. அதிரசம்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

மாசம் முடிந்தது. தானாக எழவில்லை. டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். ஊசி எடுத்துக்கொண்டு வருவாரா என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டாக்டரம்மா பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பத்து மணிக்கு வாசலில் வேறு சத்தம். தம்பி. அவன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறான். ஏழு வருஷமாக வாசலோடு பேசி அனுப்பி வைக்கிறேன். இன்றைக்குத் தாம்பாளத்தோடு நிற்கிறவனை என்ன செய்ய? "உள்ள வா" என்றேன்.

லோடு மெத்தையில் தலையைத் தூக்கினான். முன்னங்காலை ஊன்றினான். பின்பக்கம் ஆடியது. பாலகுரு துண்டை எடுக்க ஓடினான். அதற்குள் எழுந்துவிட்டான்.

நாலு காலில். துண்டு இல்லாமல், ஒருத்தர் கை இல்லாமல்.

சாக்கு மேல் ஒவ்வொரு காலாக வைத்துப் போனான். போய், என் தம்பியின் உள்ளங்கையில் மூக்கை வைத்தான். குட்டியாக இருந்தபோது அவனைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தவனும் இவன்தான், அதையும் எழுத வேண்டும். தம்பி தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதான். "அக்கா, நாயே மன்னிச்சிருச்சுக்கா."

டாக்டரம்மா வரும்போது லோடு நின்றுகொண்டிருந்தான். இடுப்பை அமுக்கிப் பார்த்தார், மெத்தையையும் அமுக்கிப் பார்த்தார். "மாத்திரைய நிறுத்தாதீங்க பாட்டி, இதையும் மாத்தாதீங்க" என்றார். ஊசிப் பேச்சு வரவில்லை.

"மாமா வந்ததாலதான்மா எந்திரிச்சான்" என்கிறான் பாலகுரு. மெத்தையால் எழுந்தான். வேல்விழியின் சேலையால் எழுந்தான்.

தம்பிக்குச் சோறு போட்டேன். இரண்டாம் தடவையும் குழம்பு ஊற்றினேன். கல்யாணத்துக்கும் போவேன், முதல் வரிசையில் உட்காருவேன். மருந்து வாசத்தை ஏழு வருஷம் மறக்காத லோடு, அதைக் கொளுத்திப் போட்ட ஆளை விட்டுவிட்டான். அது அவன் குணம். நான் விடமாட்டேன். எனக்குப் பிறகு இந்த நோட்டைப் படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, எழுதாமல் வைத்திருந்த பெயரை இன்றைக்கு எழுதி வைக்கிறேன்.

முனியராஜ்.