மகளைப் பார்க்க ஆள் அனுப்பியது

ஐப்பசி 12, புதன்.

டொரண்டோவில் வேலை பார்க்கும் மகள் கவிதா இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை. என் மண்டிக்குச் சரக்கு லோடு வராவிட்டால் ஆள் அனுப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு. அங்கே இருக்கும் எங்கள் ஊர் எழுமலைக்காரர் ஒருவரை அனுப்பினேன். அவர் நேரே ஆபீசுக்கே போய், "ஒங்கப்பா பயந்து கெடக்காரும்மா, சாப்டியான்னு கேக்கச் சொன்னாரு" என்றிருக்கிறார். சுற்றி நின்றவர்களுக்கும் அதை இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார்.

இன்று கவிதா கூப்பிட்டாள். "முப்பத்திநாலு வயசுப்பா எனக்கு. இம்புட்டு அசிங்கம் போதும். இனி மாசம் ஒருவாட்டி நானே பேசுறேன். நீங்க கூப்பிடாதீக."

சரி என்றேன். தப்பு என்னுடையதுதான். அவள் குரல் கம்மியிருந்தது. சளியா, அழுதாளா தெரியவில்லை. கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். இனி அடுத்த மாதம்தான் கேட்க முடியும்.