‘எதனால்’ என்று நீங்கள் விட்டுப்போன இடம்

என் அன்பு சூசை அண்ணே,

நம் இலைச்செடிச் சங்கத்தின் இதழ் நாளைக் காலை போட்டோகாப்பி கடைக்குப் போகிறது. பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும் என்பதால் எட்டு மணிக்கே போய் நிற்க வேண்டும். நீங்கள் நின்ற அதே வாசல், மெஷினில் அதே ஆள். போன வாரம் காகிதம் வாங்கப் போனபோது, "உ சூசை வரலையா?" என்று பெயருக்கு முன்னால் பர்மிய மரியாதை ‘உ’ போட்டுக் கேட்டான். சொன்னேன். அவன் மெஷினை நிறுத்திவிட்டான், அண்ணே. அப்புறம் காகிதத்தை எண்ணிக் கொடுத்தான்.

அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் வலது பாதி பர்மியத்தில் டைப் அடித்ததாகவும், இடது பாதி உங்கள் கையெழுத்தாகவும் இத்தனை வருஷம் வந்தது. இந்த மாதம் இடது பாதி என் கையெழுத்து. மீன் பெட்டிமேல் மை தடவி எழுதிப் பழகிய கை. எழுத்தெல்லாம் தடித்தடியாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கிறது. பார்த்திருந்தால், "டேய் மாரி, இது கட்டுரையா, இறால் லேபிளா?" என்று கேட்டிருப்பீர்கள்.

உங்கள் அடக்கத்துக்கு நாங்கள் மலர்வளையம் வாங்கவில்லை. குரோட்டன் இலைகளை வட்டமாகக் கட்டினோம். பெட்டிக்குள் படுத்துக்கொண்டே, "எந்தச் செடியில வெட்டினீங்க? வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வெட்டினீங்களா?" என்று நீங்கள் விசாரிப்பது போலவே எனக்கு இருந்தது. கேட்டுவிட்டுத்தான் வெட்டினோம், அண்ணே. சங்கத் தலைவர் உ ஸோ வின் வீட்டுச் செடி. ரயில்வேயில் கொடி காட்டிய மனுஷர் அன்றைக்குத் தாமே கத்தியை எடுத்து வெட்டித் தந்தார்.

புதிதாகச் சேர்ந்தவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக உங்கள் சட்டங்கள் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் சட்டம் வந்தது என்னால். கலேடியத்தை எங்கே வைப்பது என்று நீங்கள் பர்மியத்தில் எழுதியதை நான் தமிழில் பெயர்த்தேன். அவசரத்தில் நிழலை வெயிலாக்கிவிட்டேன். பர்மியப் பாதியைப் படித்தவர் வீட்டில் கலேடியம் தழைத்தது. தமிழ்ப் பாதியைப் படித்தவர் வீட்டில் அப்பளமாகப் பொரிந்தது. அடுத்த கூட்டத்தில் டீக்கடை மேசையைத் தட்டி நீங்கள் சொன்னீர்கள்: "ரெண்டு பாதியும் ஒண்ணையே சொல்லணும். ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது." அன்று முதல் இதழ் போகுமுன் நீங்கள் ஒரு பாதியையும் நான் ஒரு பாதியையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிட்ட பிறகே கத்திரிக்கோலை எடுப்போம்.

இரண்டாவது சட்டம் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பத்திக்கு ‘போனவை’ என்று பெயர். செத்த செடிகளின் பட்டியல். என்ன செடி, யார் வீட்டில், எதனால். இந்த மூன்றும் இருக்க வேண்டும். எதனால் என்ற இடத்தில் பாதிப் பேர் விதி என்று எழுதிக் கொடுப்பார்கள். பர்மியர்கள் அதையே ‘கான்’ என்பார்கள். நீங்கள் அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். "விதி தண்ணி ஊத்தாம விட்டுச்சா, நீங்க ஊத்தாம விட்டீங்களா?" தழைத்ததை மட்டும் எழுதினால் அது வெறும் விளம்பரத் தாள் என்பது உங்கள் கட்சி. வியாபாரியான எனக்கு அது பிடிக்கவில்லை. கெட்டுப்போன மீனை எவனாவது கடை வாசலில் அடுக்குவானா?

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நாளை போகிற இதழின் முதல் பக்கத்தில் ஒரு படம் வர வேண்டியிருந்தது. அது வராது.

ஹோஸ்டாவின் மேல் உங்களுக்கு எப்போது பித்துப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. குளிர்நாட்டு இலை, மணம் இல்லாதது. நீலம் பூசியது போல ஒன்று, ஓரத்தில் பால் வடிந்தது போல ஒன்று என்று படங்களை வெட்டி வெட்டிச் சேர்த்து வைத்திருந்தீர்கள். குளிர்காலத்தில் உறங்கினால்தான் அது மறுபடி முளைக்கும். ரங்கூனில் அதற்கேற்ற குளிர் ஏது? நம் சங்கத்து டோ கின் மே அம்மாவின் மகள் ஜப்பானிலிருந்து லீவில் வந்தபோது, ஈர மரத்தூளில் சுற்றி ஒரு கிழங்கு கொண்டுவந்தாள். நீங்கள் அதை நேரே தாகேதாவில் உள்ள என் மீன் கடைக்குக் கொண்டுவந்தீர்கள்.

"குளிரை விக்கிறவன் நீதானே மாரி. மூணு மாசம் இதைத் தூங்க வை."

ஆற்றுக்கு அக்கரை தன்லியின் ஊரிலிருந்து பஸ்ஸில் கூடையோடு மீன் கொண்டுவந்து விற்றவன் நான். இன்று கடையில் இரண்டு பெட்டி இருக்கிறது. ஒன்று சும்மா குளிரும், அதில் கூல்டிரிங்ஸ் வைக்கிறோம். மற்றது கல்லாக உறைய வைக்கும், அது இறாலுக்கு. கிழங்கைக் கூல்டிரிங்ஸ் பெட்டியில் வைத்தேன். பைமேல் நீங்கள் எழுதியிருந்தீர்கள்: ‘குளிர் போதும். உறையக் கூடாது.’ தமிழில் மட்டும். எதையும் இரண்டு எழுத்திலும் எழுதுகிற மனுஷர், அந்த ஒரு தடவை ஒரே எழுத்தில் எழுதினீர்கள். எனக்குத்தானே, போதும் என்று நினைத்தீர்களா?

கடையைப் பாதி நாள் பார்த்துக்கொள்வது என் மகள் செல்வி. வாயைத் திறந்தால் தமிழ் நன்றாகப் பேசுவாள். ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. "பிள்ளைக்கு எழுத்தைச் சொல்லிக்குடுடா" என்று எத்தனை தடவை சொன்னீர்கள்? "இறாலுக்குத் தமிழ் தெரியுமாண்ணே?" என்று நான் நக்கலடித்தேன். நீங்களும் சிரித்துவிட்டுப் போனீர்கள்.

கரண்ட் இல்லாத ஒரு வாரம், ஜெனரேட்டரை இறால் பெட்டிக்கு மட்டும் ஓட்டச் சொல்லிவிட்டு நான் சரக்கெடுக்கப் போய்விட்டேன். மற்றப் பெட்டி சூடாவதைப் பார்த்த செல்வி, அப்பாவின் பை கெட்டுவிடக் கூடாதே என்று அதை எடுத்து இறாலோடு வைத்தாள். நல்லது நினைத்துத்தான் செய்தாள். மூன்று மாதம் கழித்து நான் தேடி எடுத்தபோது கிழங்கு கல். வெளியே வைத்தேன். சாயங்காலத்துக்குள் சொதசொதவென்று கையோடு வந்தது.

அதற்குள் சர்க்கரை உங்கள் கண்ணை ஏறக்குறைய முழுதாக வாங்கிவிட்டது. நீங்கள் கட்டிலோடு கிடந்தீர்கள். ஒவ்வொரு முறை வரும்போதும், "முளைச்சுதா?" என்ற ஒரே கேள்வி. உண்மையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், அண்ணே. இத்தனை வருஷ வியாபாரத்தில் பழைய மீனைப் புதுசு என்று நான் விற்றதில்லை. தாகேதாவில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் உங்களுக்கு விற்றேன். தன்லியின் ஊருக்குப் போகும் பாலத்தைத் தாண்டி ஒரு செடிக்கடையில், அப்போதுதான் மழைக்கு முளைவிட்ட கச்சோலம் என்ற இஞ்சி இனத்துச் செடி ஒன்றை வாங்கினேன். பர்மியர் ‘கமோன்’ என்று வீட்டு வாசலில் வளர்க்கிற வகை. அகல இலை, வரிவரியாக நரம்பு. படத்தில் பார்த்த ஹோஸ்டாவுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது. த்வாண்டே ஊர் மண்சட்டி ஒன்றில் மாற்றி வைத்து உங்கள் மடியில் கொண்டுவந்து வைத்தேன்.

"முளைச்சிருச்சுண்ணே. ரெண்டு இலை."

நீங்கள் தடவிப் பார்த்தீர்கள். நரம்பை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினீர்கள். ஓர் இலையின் நுனியை லேசாகக் கசக்கினீர்கள். பிறகு கையை மூக்கருகே கொண்டுபோனீர்கள்.

"மணமா இருக்கே, மாரி."

"ஜப்பான் மண்ணு வாசமா இருக்கும்ணே."

"இருக்கும், இருக்கும்" என்றீர்கள். லூர்து அண்ணி கொண்டுவந்த டீயை ஆற்றிக் குடித்தீர்கள். பத்து நாளில் போய்விட்டீர்கள்.

நான் வெளியே வந்து அந்தப் பொய்யைச் சங்கத்துக்கும் விற்றிருந்தேன். ரங்கூனில் ஹோஸ்டா முளைத்ததாம், உ சூசை கண் மூடுமுன் தொட்டுப் பார்த்தாராம். கேட்டவர்கள் அழுதார்கள். முதல் பக்கத்தில் அந்தச் செடியின் படம், கீழே உங்கள் பெயர் என்று கூட்டத்தில் முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை உ ஸோ வின் உங்கள் வீட்டுக்குப் போய்ப் படமெடுப்பதாக ஏற்பாடு. கமோனை அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதற்குள் அந்தச் சட்டியை எப்படி ஒழிப்பது, பூனை தின்றுவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். இதையும் மறைக்கவில்லை.

சனிக்கிழமை அண்ணி உங்கள் இதழ்க் கட்டைக் கொடுத்தார். ஒட்டிய பக்கங்கள், கத்திரிக்கோல், சோற்றுப் பசை காய்ந்த கிண்ணம். திறந்தேன். முதல் பக்கத்தில் நீங்கள் டோ கின் மேயின் பெரணியைப் பற்றி வரைவு எழுதி வைத்திருந்தீர்கள். ஹோஸ்டாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்காம் பக்கத்தைப் புரட்டினேன். ‘போனவை’. கண் தெரியாத மனுஷரின் எழுத்து, கோடு தாண்டி, மேலும் கீழுமாக, பென்சிலில்:

‘ஹோஸ்டா. மாரி வீட்டில். எதனால்:’

அதற்கப்புறம் இரண்டு வரி வெற்றிடம்.

அண்ணியிடம் அங்கேயே உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீங்க சட்டியைக் கொண்டாந்த அன்னிக்கு அவரு கையைக் கழுவவே விடலை தம்பி. துடைக்கப் போனா, ‘இரு லூர்து, இருக்கட்டும்’னாரு. பொழுதன்னிக்கும் மோந்துக்கிட்டே இருந்தாரு" என்றார். ஏன் கழுவவில்லை, அண்ணே? நான் பொய் சொன்னதைப் பிடித்துவிட்ட சிரிப்பா? இல்லை, பொய்யென்று தெரிந்தும் ஒரு இலை முளைத்த வாசம் போதும் என்று இருந்ததா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. ஏன் கேட்கவில்லை?

உ ஸோ வின்னிடம் படம் வேண்டாம் என்றேன். முழுதும் கேட்டார். "கமோனா? உ சூசையிடமா?" என்று ஒரு நிமிஷம் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த இடத்தில் நீயே எழுது, கோ மாரி" என்றார். அதனால்தான் படத்துக்கு விட்ட இடத்தில் இந்தக் கடிதம்.

செல்வியிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. பர்மியப் பாதியை அவள்தான் டைப் அடிக்கிறாள், மறைக்க வழியில்லை. அந்தப் பையை நான் எறியவில்லை. எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இதுவா? நான்தான் இறால் பெட்டியில வச்சேன். மேல ஏதோ எழுதியிருந்துச்சு. உங்க சரக்கு அடையாளம்னு நெனச்சேன்." பையைத் திருப்பிப் பார்த்தாள். "என்னப்பா எழுதியிருக்கு?"

ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். குளிர் போதும். உறையக் கூடாது. அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். பிறகு எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நான் உட்கார்றேன், நீங்க சொல்லுங்க" என்றாள்.

நான் தமிழ்ப் பாதியில் உங்கள் பென்சில் எழுத்தை அழிக்காமல், அதன் பக்கத்திலேயே மையில் எழுதினேன்: ‘எதனால்: பைமேல் எழுதியிருந்ததை மாரி தன் மகளுக்குப் படித்துச் சொல்லாததால்.’ சத்தமாகப் படித்தேன். அவள் டைப் அடித்தாள். ஒட்டி முடித்து, நம் வழக்கப்படி இரண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பர்மியத்தில் இப்படி இருந்தது: ‘எதனால்: செல்வி உறைபெட்டியில் வைத்ததால்.’

"ஏம்மா, நான் சொன்னது இதில்லையே."

"நடந்தது இதுதானேப்பா."

"ரெண்டும் ஒண்ணா இருக்கணும். அது பெரியப்பா சட்டம்."

"அப்ப உங்க பக்கத்தை மாத்துங்க."

மாற்ற மாட்டேன் என்றேன். அவளும் மாட்டேன் என்றாள். கத்திரிக்கோல் என் கையில்தான் இருந்தது. அவள் வரியை வெட்டி எடுக்க ஒரு நொடி போதும். எனக்குக் கை வரவில்லை, அண்ணே. பக்கம் அப்படியே போகிறது. உங்கள் இதழில் முதல் தடவையாக இரண்டு பாதியும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. எது சரி என்று நீங்கள் இருந்தால் தீர்ப்புச் சொல்லியிருப்பீர்கள்.

கச்சோலம் உங்கள் வீட்டு ஜன்னலில்தான் இருக்கிறது. இப்போது ஐந்து இலை. சட்டியில் அதன் சொந்தப் பெயரை எழுதி ஒட்டியாயிற்று. பர்மியத்தில் செல்வி எழுதினாள். தமிழிலும் அவள்தான் எழுதினாள், நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வரைந்து. ‘ச்’ மேல் புள்ளி வைக்க மறந்துவிட்டாள். நான் சொல்லவில்லை, எழுத்து படிக்கக் கற்றதும் அவளே பார்த்துக்கொள்வாள்.

என் கை எழுதுகிறவரை ‘போனவை’ பத்தி நிற்காது, அண்ணே. எதனால் என்ற இடத்தில் யாரையும் விதி என்று எழுத விடமாட்டேன். என்னையும் விடமாட்டேன்.

ஒரு வயிற்றில் பிறக்காமல், ஒரே கத்திரிக்கோலை மாற்றி மாற்றிப் பிடித்த
உங்கள் தம்பி,
மாரி