கான்சாபுரத்து பஸ்

இன்று காலை என் பிரஷர் மாத்திரை கால் மணி நேரத்தில் கைக்கு வந்துவிட்டது. நீ நர்ஸாக இருந்த அதே அரசு ஆஸ்பத்திரி, அதே தனி ஜன்னல். உறையை நீட்டிய கையிலிருந்து ஸ்பிரிட் வாடை வந்தது. டியூட்டி முடிந்து நீ பக்கத்தில் வந்து நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

உனக்காக அங்கே எத்தனை நாள் காத்திருந்திருக்கிறேன். அப்போது காய்ச்சல்காரரும், மாதாமாதம் சுகர் மாத்திரை வாங்க வருகிறவரும் ஒரே வரிசைதான். பேண்டேஜ் துணி மில்லில் புரொடக்‌ஷன் பார்த்தவன் நான். ஒரு மிஷினுக்கும் அடுத்த மிஷினுக்கும் நடுவில் சரக்கு தேங்கினால் பொறுக்காது. ஒருநாள் காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினேன். மாதாமாதம் வருகிறவர்களுக்குத் தனி ஜன்னல். முந்தின நாளே மாத்திரையை உறையில் போட்டு வைப்பது. அதோடு என் வேலை முடிந்தது. பெரிய டாக்டர் முன்னால் நான்கு முறை போய் நின்றவள் நீ. வேலை கூடிவிட்டதென்று மருந்து கொடுப்பவர் முகம் கொடுத்துப் பேசாத நாட்களைத் தாங்கியவளும் நீதான்.

தனி ஜன்னல் திறந்த அன்று பத்து மணிக்கெல்லாம் வரிசை கரைந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நீயோ, மாத்திரை வாங்கிய பிறகும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் போய் விசாரித்தாய்.

“சீக்கிரம் குடுத்து என்னம்மா செய்ய? கான்சாபுரத்துக்கு பஸ்ஸு ஒன்றரைக்குத்தான” என்றாராம்.

மறுவாரமே எந்த ஊருக்கு எப்போது பஸ் என்று கேட்டு எழுதினாய். கான்சாபுரத்துக்காரர்களைப் பதினொரு மணிக்கு மேல் வரச் சொன்னாய். விடியுமுன் ஓடி வந்தவர்கள், சோறாக்கி வைத்துவிட்டு நிதானமாக வந்தார்கள். என் படம் ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்திருந்தது.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் வியாபாரிகள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். நீ முன் வரிசையில் இருந்தாய். மில்லில் வேலை பார்க்கும் முறை ஆஸ்பத்திரிக்கு எப்படி உதவியது என்று முக்கால் மணி நேரம் பேசினேன். உன்னைப் பற்றி ஒரு வரி வரவில்லை. ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் நீ ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்.

“அந்தக் கான்சாபுரத்து அம்மாவ விட்டுட்டியளே.”

“அது சின்ன விஷயம்” என்றேன். நீ வெளியே பார்க்கத் தொடங்கினாய். அப்புறம் அதைப் பற்றி நாம் பேசவே இல்லை.

நீ போய் இரண்டு வருடமாகிறது. இப்போது யார் கேட்டாலும் அந்த அம்மாவிடமிருந்துதான் தொடங்குகிறேன். இன்று ஜன்னலில் இருந்த புது நர்ஸ், இது நான் கொண்டுவந்த ஏற்பாடாமே என்று கேட்டாள். இல்லை, என் வீட்டுக்காரி செய்தது என்றேன். எல்லோரிடமும் திருத்திச் சொல்லியாகிவிட்டது. உன் ஒருத்தியிடம்தான் சொல்லவில்லை.