பதினேழாம் எண்

மரியே வாழ்க
மில்லர்புரம், தூத்துக்குடி
12.8.2024

அன்புள்ள டயானாவுக்கு,

நலமாய்ச் சென்னை போய்ச் சேர்ந்திருப்பாய். முகாம் படிவங்களைக் கூரியரில் அனுப்புகிறேன், உள்ளே இந்தக் கடிதமும் இருக்கிறது. இனி மாதாமாதப் படிவங்களோடும் இப்படித்தான். போன் செய்தால் "மீட்டிங்" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாதே, பேராசிரியை அம்மா!

மாதா திருவிழா முடிந்த களைப்பிலும் அறுபத்திரண்டு பேர் வந்து நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்கள். சங்கு குளிக்கிறவர்களை இத்தனை பேர் ஒன்றாகச் சேர்த்ததை எங்கள் சுகாதார நிலைய டாக்டரே நம்பவில்லை. ரோச் முதல் ஆளாகச் சட்டையைக் கழற்றி நின்றிராவிட்டால் பாதிப்பேர் ஓடியிருப்பார்கள். நோய் என்று தெரிந்தால் படகுக்காரர் வேலைக்குக் கூப்பிடமாட்டார் என்ற பயம்தான். அதனால்தான் பேர் வேண்டாம், நம்பர் மட்டும் போதும் என்று உன்னிடம் அடம்பிடித்தேன். நம்பர்களைக் கலைத்துக் கொடுத்திருக்கிறேன். யாருக்கு எந்த நம்பர் என்ற நோட்டு என் பீரோவில் இருக்கிறது. ரோச் என்ன சொன்னான் தெரியுமா? "எக்கா, ஞானஸ்நானத்துல வச்ச பேர எடுத்துட்டு நம்பரு குடுக்கிய."

இரண்டு மாதத்தில் ரிசல்ட் வரும் என்று நீ சொன்னதை நம்பி நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன்
எமில்


சென்னை
9.9.2024

என் அன்பு எமில்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஹாஸ்டல் சாம்பாரின் வாசனையே வந்துவிட்டது. படிவங்கள் அவ்வளவு சுத்தம். "களத்தில் இப்படி ஒருவர் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு வேறென்ன வேண்டும்?" என்று எங்கள் துறைத் தலைவர் சொன்னார். உனக்குத் தலைக்கனம் ஏறட்டும் என்றே எழுதுகிறேன்.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. இருவரும் முடித்த பிறகு முழுப் பட்டியலையும் உனக்கு அனுப்புவேன். கொஞ்சம் பொறு.

ரோச் வீட்டில் அவன் மனைவி பிலோமி வைத்த நண்டுக் குழம்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. இருவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
டயானா


மரியே வாழ்க
மில்லர்புரம்
21.10.2024

அன்புள்ள டயானாவுக்கு,

இரண்டு மாதம் தாண்டிவிட்டது. நான் தெருவில் இறங்கினால் ரிசல்ட் கேட்காத வாய் இல்லை. போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன இடத்தில்கூடக் கேட்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ரோச் பிடித்துக்கொண்டான். "எக்கா, ரிப்போட்டு வந்துச்சா? மேல வரும்போது நெஞ்சு ஒரு மாதிரி பிடிக்கி." நான், "எதாவது இருந்தா இதுக்குள்ள சொல்லிருப்பாவல்லா. பேசாம தொழிலப் பாரு" என்று சொல்லி அனுப்பினேன். சரியாகத்தானே சொன்னேன்? நெஞ்சுப் பிடிப்பையும் படிவத்தில் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

ஏளா, கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் கோபம்தான்.

உன்
எமில்


சென்னை
28.11.2024

என் அன்பு எமில்,

மன்னித்துக்கொள். இரண்டாவது மருத்துவர் மகப்பேறு விடுப்பில் போய்விட்டார். வேறு ஆளைப் போடத் துறைத் தலைவர் கையெழுத்திட வேண்டும், அவரோ ஒரு மாநாட்டுக்காக வெளிநாட்டில் இருக்கிறார். சில படங்களை மறுபடி பார்க்க வேண்டும் என்று முதல் மருத்துவர் குறித்திருக்கிறார். உறுதியாகாமல் சொல்லி யாருடைய பிழைப்பையும் கெடுத்துவிடக் கூடாது. ஜனவரியில் கட்டாயம் வந்துவிடும்.

ரோச்சிடம் நீ சொன்ன ஆறுதல் சரிதான்.

கிறிஸ்துமஸுக்கு முறுக்கு அனுப்ப மறக்காதே.

அன்புடன்
டயானா


சென்னை
13.1.2025

என் அன்பு எமில்,

புத்தாண்டு வாழ்த்துக்கு நீ பதிலே போடவில்லை. முறுக்கும் வரவில்லை. கோபம் தீரவில்லையா?

ஒரு உதவி வேண்டும். நீ அனுப்பிய டிசம்பர் படிவக் கட்டில் பதினேழாம் எண்ணின் படிவம் மட்டும் காலியாக இருக்கிறது. ஊரை விட்டுப் போய்விட்டாரா? தயவுசெய்து தேடிப் பிடி. அவருடைய நுரையீரலில் பெரிய காற்றுக் கொப்புளம் இருக்கிறது. முதல் மருத்துவர் அக்டோபர் 4-ஆம் தேதியே சிவப்பு மையில் குறித்துவிட்டார், இரண்டாமவரும் இப்போது உறுதி செய்துவிட்டார். அவர் கம்ப்ரஸர் குழாயில் காற்றை இழுத்துக்கொண்டு கடலில் முங்கவே கூடாது, மேலே வரும்போது கொப்புளம் வெடித்துவிடும். பக்குவமாகச் சொல்லி நிறுத்து.

ஆள் கிடைக்காவிட்டால் "தொடர்பு விட்டுப்போனவர்" என்று குறிக்க வேண்டியிருக்கும். எங்கள் ஆய்வுக்கு மிக முக்கியமான ஆள் அவர்.

அன்புடன்
டயானா


மில்லர்புரம்
20.1.2025

டயானாவுக்கு,

பதினேழு ரோச்.

டிசம்பர் 3-ஆம் தேதி சங்கு எடுத்துக்கொண்டு மேலே வந்தவன், படகு விளிம்பைப் பிடித்தபடி வாயிலும் மூக்கிலும் ரத்தம் கக்கினான். கரைக்கு வந்து சேரும்போது மூச்சு இல்லை. அவசரப்பட்டு மேலே வந்துவிட்டான், அவன் தப்புதான் என்று படகுக்காரர் சொன்னார். ஊரும் அதையே சொன்னது. நானும் நம்பினேன். உனக்கு எழுத இரண்டு முறை பேனாவை எடுத்து வைத்துவிட்டேன். அந்தப் படிவத்தை நிரப்பக் கை வராமல்தான் காலியாக அனுப்பினேன்.

நீ அவன் வீட்டில் சாப்பிட்டவள். பேர் தெரிந்திருந்தால் அன்றைக்கே போன் செய்திருப்பாய். நம்பர் வேண்டும் என்று கேட்டவள் நான்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோட்டு என்னிடம் இருந்தது உனக்குத் தெரியும். "பதினேழு முங்கக் கூடாது" என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதுமே, டயானா! அவருக்கு ஒரு கையெழுத்து, இவருக்கு ஒரு விடுப்பு. அக்டோபர் 4-இல் உனக்குத் தெரிந்திருக்கிறது. 18-இல் நான் அவனைத் தொழிலைப் பார்க்கச் சொன்னேன். அது சரிதான் என்று நவம்பரில் நீ எழுதினாய். உன்னை வெறுப்பதா, என்னையா என்று தெரியவில்லை.

நேற்று உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பிலோமியிடம் போனேன். இத்தனை நாளும் அவள் அவன்மேல் கோபமாக இருந்தாள். கல்லறைத் தோட்டத்துக்கே போகவில்லை. படித்துக் காட்டினேன். "அப்பம் அவிய மேல தப்பு இல்லியா எக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் அவனிடம் சொன்னதையும் சொன்னேன். பிறகு, "நீங்க இனிம இங்க வராதிய" என்றாள்.

மற்ற அறுபத்தொரு வீட்டுக்கும் போய், பட்டியல் வரும்வரை முங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிலர் கேட்டார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. பட்டியலை இன்றைக்கே போனில் அனுப்பு. ஜனவரிப் படிவங்களை நான் எடுக்கவில்லை, இனி எடுக்கவும் மாட்டேன். வேறு யாரையும் இங்கே அனுப்பாதே.

தொடர்பு விட்டுப்போனவர் என்று எழுதாதே. செத்துப்போனான் என்று எழுது.

எமில்டா