கேஸை மூன்று முறை பார்ப்பவள்

அன்புள்ள ராக்கெட்காரம்மா,

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா போன் போட்டு வத்திவைப்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

ராக்கெட் ஏவுதலை நடத்தும் முதல் பெண் என் பெண்டாட்டி என்று திருவொற்றியூர் முழுக்கத் தம்பட்டம் அடித்து, நேற்று தெருவையே நம் மொட்டைமாடியில் ஏற்றி வடக்கே பார்க்க வைத்திருந்தேன். கடைசி நிமிடத்தில் நீ நிறுத்திவிட்டாய்.

"இன்னா மாமு, உன் வூட்டம்மா பயந்துகிச்சா?" என்றான் டில்லிபாபு. எல்லோரும் சிரித்தார்கள். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நானும் சொன்னேன்: "அவ அப்படித்தாம்பா. வூட்லயே கேஸ் மூடிகீதான்னு மூணு வாட்டி பாக்கறவ."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. எல்லோரையும் சிரிக்க வைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நம் மகிழினி சிரிக்கவில்லை. போனில் செய்தியைப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "எரிபொருள் கசியுதுன்னுதான் அம்மா நிறுத்திச்சு. கசிவோட மேல போய் வெடிச்சிருந்தா உனக்குப் பெருமையா இருந்திருக்குமா நைனா?"

கேட்டதோடு சரி. இன்னும் என்னோடு பேசவில்லை.

வியாழக்கிழமை மறுபடி ஏவப்போகிறாயாமே. அதே கூட்டத்தை அதே மாடிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். அன்றும் நீ நிறுத்தினால், நான் ஒருவனாவது கைதட்டுவேன். டில்லிபாபு என்னைப் பைத்தியம் என்பான். சொல்லட்டும்.

கேஸை மூன்று முறை பார்த்துவிட்ட,
உன் வூட்டுக்காரன்